ஓட்டை விழாத சட்டை

அவர் சட்டையில் ஒரு ஓட்டைகூடக் கிடையாது. அவரை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு முதல் காரணம் அதுதான்.

இதைச் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள். வேதியியல் பாடம் எடுக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் கொஞ்ச காலம் நின்றவர் யாராக இருந்தாலும் துணியில் பொத்தல் இருக்கும். அமிலம் எப்போது தெறித்தது என்று நமக்கே தெரியாது. துவைக்கப் போட்டு அலசும்போதுதான் அந்த இடம் இற்றுப்போய் விரல் நுழையும். என் பருத்திச் சேலைகளில் எதை எடுத்தாலும் எங்காவது ஓர் ஓட்டை இருக்கும். அதைக் கொசுவத்துக்குள் தள்ளிக் கட்டிக்கொண்டுதான் கும்பகோணத்தில் டவுன் பஸ் ஏறுவேன். ஆண் ஆசிரியர்கள் பேண்ட்டில் ஒட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். அதில் எங்களுக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

இவரோ வெள்ளை வெளேரென்று வருவார். கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டை, அதே வெள்ளையில் பேண்ட், மடிப்புக் கலையாத கைக்குட்டை. எங்கள் வட்டாரத்து வேதியியல் ஆசிரியர் சங்கத்துக்குச் செயலாளர். பேர் சொல்ல மாட்டேன், சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. செயலாளர் என்றால் போதும், எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போன் செய்தபோது அவர் மனைவியே, "செயலாளர் குளிச்சிட்டிருக்காங்க, அப்புறம் பேசச் சொல்லவா?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சங்கத்தை ஆரம்பித்தவர்கள் நல்ல மனிதர்கள் என்று கேள்வி. அவசியமும் இருந்தது. வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது, வேதியியலுக்கு நான் ஒருத்திதான். ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. ஆய்வக உதவியாளர் இடம் காலியாகவே கிடந்தது. பெரிய கேனிலிருந்து சின்னப் பாட்டிலுக்கு அமிலம் ஊற்றுவதும் நான், பியூரெட் என்கிற அளவுக் குழாயைக் கழுவுவதும் நான், வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் ஆய்வகத்துக்குள் வரும் தேரையை விரட்டுவதும் நான். இப்படி ஒவ்வொரு பள்ளியிலும் ஒற்றையாளாகக் கிடந்து மாரடிக்கிறவர்கள் மாதம் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து பேசத்தான் சங்கம்.

இவர் கைக்கு வந்த பிறகு பேச்செல்லாம் மேடையில்தான். கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடக்கும். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு, வந்தவர்களுக்குப் பொன்னாடை, பொன்னாடை போட்டவர்களுக்கும் பொன்னாடை. பிறகு அவர் பேசுவார். வேதியியல் ஒரு பாடமல்ல, ஒரு குடும்பம் என்பார். நாமெல்லாம் ஒரே மூலக்கூறின் அணுக்கள் என்பார். எந்த மூலக்கூறு என்று கேட்டால் தெரியாது. கடைசியில், எல்லோரும் காபி டம்ளரைத் தேடி எழுந்திருக்கும் நேரத்தில், உறுப்பினர் குரல் என்று ஒன்று இருக்கும்.

நான் ஒவ்வொரு தடவையும் அப்போது எழுந்திருப்பேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று பெயர், அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டாமா? ஆய்வக உதவியாளர் இல்லாமல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அமிலத்தோடு மல்லுக்கட்ட முடியவில்லை, ஏதாவது செய்யுங்கள் என்பேன். அவர் கண்களை மூடித் தலையை ஆட்டிக் கேட்பார். அருமையான கருத்து, இதை மேலே கொண்டு போவோம் என்பார். இது எத்தனையோ தடவை நடந்தது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "மேலேன்னா எங்க சார், மண்டபத்து மொட்டை மாடிக்கா?" என்று கேட்டுவிட்டேன். கூடமே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். டீச்சருக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி என்று மைக்கில் சொல்லி, என்னைக் கூப்பிட்டு ஒரு பொன்னாடையைப் போர்த்திவிட்டார். அதோடு என் கோரிக்கை முடிந்தது.

மனிதரைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும் அல்லவா? சொல்கிறேன். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். எங்கள் அப்பா போனபோது சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்பே வந்துவிட்டார். வந்தவர் சும்மா வரவில்லை, மலர்வளையத்தோடு வந்தார். அதன் குறுக்கே ரிப்பனில் சங்கத்தின் பெயர். அதை அப்பாவின் நெஞ்சின்மேல் வைத்தார், ரிப்பன் சுருண்டு போயிருந்ததால் குனிந்து நீவி நேராக்கினார், பிறகு கூட வந்தவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் கையில் செல்போன் தயாராக இருந்தது. அம்மா அழுதுகொண்டே நகர்ந்து இடம் விட்டாள். எங்கள் அப்பா எட்டாவதோடு படிப்பை விட்டு, குத்தகை நிலத்தில் குறுவையும் தாளடியும் போட்டுக் காலத்தை ஓட்டியவர். வேதியியலுக்கும் அவருக்கும் இருந்த ஒரே உறவு யூரியா மூட்டைதான்.

அவர் எங்கள் பள்ளிக்குச் செய்முறைத் தேர்வு நடத்த வெளித் தேர்வாளராக ஒரு முறை வந்தார். மற்ற தேர்வாளர்கள் பிள்ளைகள் பக்கத்தில் வந்து நின்று, என்ன நிறம் வந்தது, என்ன மணம் வருகிறது என்று கேட்பார்கள். இவர் ஆய்வக வாசல்வரை வந்தார். உள்ளே எங்கள் பிள்ளைகள் சல்பைடு உப்பைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார். ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை. "நீங்க பாத்துக்கங்க டீச்சர், நம்ம பிள்ளைங்கதானே. நான் எச்.எம். ரூம்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம்வரை தலைமையாசிரியர் அறை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். பிள்ளைகளுக்கு அவர் கடவுள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்றைக்குத்தான் அவர் கையைக் கூர்ந்து பார்த்தேன். விரல் நுனியில் ஒரு கறை இல்லை. சில்வர் நைட்ரேட் பட்டால் விரலில் கறுப்பு ஏறும், ஒரு வாரம் போகாது. எங்களில் யாருக்கும் செய்முறைத் தேர்வு மாதத்தில் விரல் வெள்ளையாக இருக்காது. அந்த மனிதர் எத்தனை வருஷமாக ஒரு சோதனைக் குழாயைத் தொடாமல் வேதியியல் ஆசிரியராகக் காலம் தள்ளியிருக்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கியது.

இவ்வளவோடு போயிருந்தால் அவரை ஒரு கோமாளி என்று மறந்திருப்பேன். சங்கத்துக்கு வெள்ளி விழா வந்தது.

விழாவுக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும், அது எல்லாப் பள்ளியிலும் நிலைத்து நிற்க வேண்டும் என்று யோசித்தார். பியூரெட் வாங்கித் தரலாம் என்று ஒருவர் சொன்னார். கண்ணைக் காக்கிற கண்ணாடி வாங்கலாம் என்று நான் சொன்னேன். அவர் ஸ்டிக்கர் அடித்தார். ஆய்வகத்தில் உள்ள அமிலப் பாட்டில்களில் ஒட்டுவதற்கு ஸ்டிக்கர். காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் கொடுத்து அடித்தது. மேலே சங்கத்தின் சின்னம், அதன் கீழே வளைவாகச் சங்கத்தின் பெயர், நடுவில் வட்டத்துக்குள் அவர் கைகூப்பிச் சிரிக்கிற படம். எல்லாவற்றுக்கும் கீழே, பாட்டிலின் அடிப்பக்கத்தை ஒட்டி, எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி. அதில்தான் பாட்டிலுக்குள் இருப்பது நீர்த்த கந்தக அமிலமா அடர் கந்தக அமிலமா என்று போட்டிருந்தது.

வேதியியல் படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டும் பார்வைக்குத் தண்ணீர்போல இருக்கும். நீர்த்த அமிலம், டைல்யூட் என்போமே, அது ஒரு சொட்டு கையில் பட்டால் கழுவிவிடலாம், கொஞ்சம் எரியும். அடர் அமிலம் சதையைத் தின்றுவிடும். பாட்டில்மேல் இருக்கிற அந்த ஒரு வார்த்தைதான் பிள்ளைகளுக்குக் காவல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமிலம் ஊற்றும்போது பாட்டிலின் வாயிலிருந்து ஒரு சொட்டு வெளிப்பக்கமாக வழியும். அதனால் லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி பாட்டிலைப் பிடிக்க வேண்டும், வழிவது எதிர்ப்பக்கம் போகும், எழுத்து பிழைக்கும். ஆய்வகத்துக்குள் வந்த முதல் நாளே பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். இவர் அடித்ததோ பாட்டிலைச் சுற்றி ஒட்டுகிற ஸ்டிக்கர். எந்தப் பக்கம் பிடித்தாலும் அமிலம் அதன்மேல்தான் வழியும், வழிந்து அடியில் போய்த் தேங்கும். ஆய்வகத்துக்குள் ஒரு தடவையாவது நின்றவன் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

பழைய லேபிள்களைக் கிழித்துவிட்டு இதை ஒட்டி, படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று உத்தரவு. நான் ஒட்டினேன். ஒட்டிவிட்டு, வெள்ளை பிளாஸ்திரித் துண்டில் சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் அமிலத்தின் பெயரை எழுதி, அவருடைய முகத்தின்மேலேயே ஒட்டினேன். அதுதான் கண்ணுக்கு நேராக இருக்கிற இடம். படம் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டார். "என்ன டீச்சர், முகத்துலயே ஒட்டிட்டீங்களே" என்றார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. பிள்ளைகளுக்குப் படிக்க வசதியாக இருக்கிறது சார் என்றேன். அதோடு போனை வைத்துவிட்டார்.

கலைச்செல்வி அப்படிச் செய்யவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள். அவள் அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் படிக்க வைத்தார்கள். அவர்கள் தெருவில் அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். முதல் மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு ஒரு பொருளும் வாங்காமல் ஆய்வகத் தராசுகளுக்குத் துணி உறை தைத்து வந்த பைத்தியக்காரி. என்னை அக்கா என்பாள், சந்தேகம் என்றால் வாய்க்கால் கரையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் போன் செய்வாள். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற பெண். பாட்டில்களை வரிசையாக அடுக்கி, எல்லா முகமும் வெளியே பார்க்க, அழகாக ஒட்டிப் படம் அனுப்பினாள். சிறந்த ஆய்வகம் என்று வெள்ளி விழா மேடையில் அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

அடுத்த செய்முறைத் தேர்வுக்குள் அந்த ஸ்டிக்கர்களின் அடிப்பக்கம் பழுப்பேறிக் கரிந்துவிட்டது. மேலே படம் மட்டும் பளபளவென்று இருந்தது. கலைச்செல்வி இரண்டு தடவை புது ஸ்டிக்கர் கேட்டிருக்கிறாள். பேசிக்கலாம் தங்கச்சி என்றிருக்கிறார். அதைக் கிழித்துவிட்டுத் தானே எழுதி ஒட்ட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை, செயலாளர் ஆய்வு பார்க்க வந்தால் என்ன நினைப்பார் என்று பயம். அதனால் அமிலப் பாட்டில்களை அவளே எடுத்துக் கொடுப்பாள். ஆனால் ஒரே நேரத்தில் வகுப்பு முழுவதும் உள்ளே நின்றால், ஒருத்தி எத்தனை மேசைக்குத்தான் ஓடுவாள்?

ஒரு மாணவி நீர்த்தது என்று நினைத்து அடர் அமிலத்தை எடுத்துவிட்டாள். அலசி வைத்திருந்த சோதனைக் குழாயில் தண்ணீர் இருந்தது. ஊற்றியவுடன் கொதித்துப் பொங்கித் தெறித்தது. நல்ல வேளையாக முகத்தைத் திருப்பியிருந்தாள். வலது புறங்கையிலும் மணிக்கட்டிலும் விழுந்தது. கலைச்செல்வி ஓடிவந்து வாளித் தண்ணீரை அந்தக் கைமேல் விடாமல் ஊற்றினாள், அவள் விரல்களும் வெந்தன. அதே கையோடு ஆட்டோ பிடித்துக் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். பிள்ளையின் கை தப்பியது, தழும்பு நின்றது. மறுநாள் கலைச்செல்வியைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். கவனக்குறைவு என்று பதினேழு பி குற்றச்சாட்டு.

பதினேழு பி என்றால் என்ன என்று அவள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வேலை போய்விடுமா என்று மட்டும் அவள் அப்பா என்னிடம் கேட்டார். நிரூபித்தால் போகலாம் என்றேன், வேறு எப்படிச் சொல்வது? அவர் தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கலைச்செல்வி கட்டுப் போட்ட விரல்களோடு, செயலாளர் சாரிடம் சொல்லியிருக்கிறேன் அக்கா, சங்கம் துணைக்கு வரும் என்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

செயலாளர் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தார். குழுவில் ஒரு செய்தி வந்தது. ஸ்டிக்கரின் வடிவமைப்பு மாற்றப்படுகிறது, பழையவற்றை உடனே அகற்றவும். அதோடு விடவில்லை. கார் எடுத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போனார். கலைச்செல்வியின் பள்ளிக்குத்தான் முதலில் போயிருக்கிறார். ஆய்வக வாசலில் நின்றுகொண்டு, ஆள் விட்டு எல்லா ஸ்டிக்கரையும் சுரண்டி எடுக்கச் சொல்லியிருக்கிறார். என் பள்ளிக்கும் வந்தார். எங்களிடம் பிளாஸ்திரிதானே இருக்கிறது, பாருங்கள் என்று வாசலிலிருந்தே காட்டினேன். சிவப்பு எழுத்தைப் பார்த்து நிம்மதியாகக் கிளம்பிப் போனார். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவர் உள்ளே அல்லவா வந்திருக்க வேண்டும்?

விசாரணை நாளில் கலைச்செல்வியோடு நானும் போனேன். பாடம் தெரிந்த ஒருவர் கூட இருக்கலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். சங்கத்தின் சார்பில் இவரும் வந்தார், அதே வெள்ளை. விசாரித்த அதிகாரி ஒரு காலத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர், அதிகம் பேசாதவர். செயலாளர் எழுந்து கைகூப்பினார். "சின்னப் பொண்ணுங்கய்யா, அனுபவம் பத்தல. ஏதோ கவனக்குறைவு. சங்கத்து சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். பெரிய மனசு பண்ணி விட்ருங்க" என்றார்.

பாருங்கள் சாமர்த்தியத்தை. துணைக்கு வந்தவர் வாயாலேயே குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. கலைச்செல்வி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பிறகு மெதுவாக, தான் கவனக்குறைவாக இல்லை, பாட்டிலில் எழுத்தே தெரியவில்லை என்று சொன்னாள்.

"அப்படிச் சொல்லக்கூடாது தங்கச்சி" என்றார் செயலாளர். "கண்ணாடி போடாமயே படிக்கலாம், அவ்வளவு தெளிவா அடிச்சிருக்கு."

நான் பைக்குள் கையை விட்டேன். என் ஆய்வகத்திலிருந்து இரண்டு பாட்டில்களைக் கொண்டு போயிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் வெந்நீரில் நனைத்து, என் பிளாஸ்திரிகளை உரித்து, அவர் முகத்தை வெளியே எடுத்திருந்தேன். இரண்டையும் மேசைமேல் வைத்தேன். இரண்டு பாட்டிலிலும் செயலாளர் கைகூப்பிச் சிரித்தார். கீழே இருந்த வரி இரண்டிலும் கரிந்து போயிருந்தது. அதிகாரி ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இதுல எது டைல்யூட் சார்? படிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

செயலாளர் குனிந்து பார்த்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார், தெரியவில்லை என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. இடது பக்கத்துப் பாட்டிலைக் காட்டி, இதுதான், பார்த்தாலே தெரிகிறதே என்றார். நிச்சயமாகவா என்றேன். நிச்சயமாக என்றார்.

"அப்பக் கைய நீட்டுங்க. டைல்யூட்தானே, ஒரே ஒரு சொட்டு. ஒடனே கழுவிக்கலாம்."

மூடியைத் திறந்ததுதான் தாமதம், நாற்காலி சரிந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றார். ஒரு கையால் சட்டை முனையையும் இழுத்துப் பின்னால் பிடித்துக்கொண்டார். விளையாட்டுக்கும் ஓர் அளவு இருக்கிறது டீச்சர் என்று அங்கிருந்தே சொன்னார். குரல் கீச்சென்று வந்தது.

நான் இடது பாட்டிலை என் உள்ளங்கையில் கவிழ்த்தேன். பிறகு வலது பாட்டிலையும் கவிழ்த்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தண்ணீர் மேசையில் வழிந்து அதிகாரியின் கோப்புப் பக்கம் ஓடியது, அதை என் முந்தானையால் துடைத்தேன். "ரெண்டும் பைப்புத் தண்ணிங்கய்யா" என்றேன். "டவுன் பஸ்ல ஆசிட் தூக்கிட்டு வர எனக்குப் புத்தி கெட்டுப்போகல. ஆனா இவரு ஒட்டுன லேபிள இவரே நம்பல பாருங்க. அந்தப் பிள்ளை எப்படிப் படிச்சிருக்கும்?"

அதிகாரி கோப்பை நகர்த்தி வைத்தார். அப்புறம் செயலாளரைப் பார்த்து, "நீங்க வெளியில இருங்க சார்" என்றார். அவரிடம் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கலைச்செல்வியை மட்டும் உட்காரச் சொல்லி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள், எல்லாவற்றையும் சொன்னாள், ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்ததையும் சேர்த்து.

அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு என்ன ஆகும்? பணியாணை அவள் கைக்கு வருவதற்கு முன்பே குழுவில் செய்தி வந்துவிட்டது. சங்கத்தின் இடைவிடாத முயற்சியால் சகோதரி கலைச்செல்வி மீண்டும் பணியில் என்று எழுதி, கீழே கைகூப்புகிற படம் வரிசையாக. நிறைய பேர் அவருக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். வெட்கம் என்பது சிலருக்குப் பிறக்கும்போதே விட்டுப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் மறுபடி வேலையில் சேர்ந்த அன்றைக்கு, ஆய்வகத்தைச் சரிசெய்ய உதவி வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். பாட்டில்களுக்கெல்லாம் பிளாஸ்திரி ஒட்டி, அவளே கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். விரல்களில் தோல் இன்னும் இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது. காயம்பட்ட அந்தப் பெண்ணும் மதிப்பெண் சான்றிதழ் வாங்க வந்தவள், ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு எங்களோடு நின்றுவிட்டாள். வாசலில் கார் வந்தது. அவர்தான். கையில் தங்கச் சரிகைப் பொன்னாடை, பின்னால் போட்டோகிராபர்.

நாங்கள் வெளியே வந்தோம். என்னைப் பார்த்தும் முகத்தில் ஒரு மாற்றம் இல்லை, வாங்க டீச்சர், நல்லா இருக்கீங்களா என்று கேட்டார். கலைச்செல்வியை நடுவில் நிறுத்தினார். யாரோ சொல்லியிருக்க வேண்டும், அந்தப் பெண்தான் இது என்று. அவளையும் பிரியமாகக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார். இவர் ஒரு கணம் யோசித்துவிட்டுக் குனிந்து அந்தப் பெண்ணிடம், "அந்தக் கைய மட்டும் கொஞ்சம் பின்னால வச்சுக்கம்மா, போட்டோவுல தெரியும்" என்றார்.

எனக்கு அப்போது வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. ஆனால் நான் பேசுவதற்கு முன்னால் கலைச்செல்வி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். தழும்பு இருந்த கையைத்தான் பிடித்தாள். எப்போதும் போலத் தணிந்த குரலில், மரியாதையாகத்தான் பேசினாள்.

"பொன்னாடைய லேப்லயே போட்டுக்கலாம் சார். உள்ள வாங்க."

சொல்லிவிட்டு அவளை அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் போனேன். கலைச்செல்வி ஒரு சோதனைக் குழாயில் உப்பைப் போட்டு, புதிதாகப் பெயர் எழுதின பாட்டிலை எடுத்து, லேபிள் உள்ளங்கைப் பக்கம் வரும்படி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். அவள் அதை அப்படியே உள்ளங்கையில் பொத்திப் பிடித்தாள். ஊற்றினாள். புஸ்ஸென்று நுரைத்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது.

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். மூக்கில் கைக்குட்டை, இன்னொரு கையில் பொன்னாடை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்.